நடத்தைவழி உருவாக்கமும் ஏற்புச் சோதனையும்: பெரிய மென்பொருள் திட்டங்களில்

நடத்தைவழி உருவாக்கம் என்பது, ஒரு மென்பொருள் எந்தச் சூழலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நிரல் எழுதுமுன்பே எடுத்துக்காட்டுகளாகப் பேசி முடிவுசெய்து, அதே எடுத்துக்காட்டுகளைப் பின்னர் தானியங்கிச் சோதனைகளாக ஓட்டும் முறை. தொழிலில் இதற்கு பி.டி.டி. என்ற சுருக்கப் பெயரே புழக்கத்தில் உள்ளது. ஏற்புச் சோதனை இதைவிட மூத்தது. செய்து தந்த மென்பொருளை வாங்குபவர், 'சரி, எடுத்துக்கொள்கிறோம்' என்று சொல்வதற்கு முன் நடத்தும் சோதனை அது. மென்பொருள் சேவை நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் அதை யூ.ஏ.டி. என்பார்கள், அதன் முடிவில் வாடிக்கையாளர் தரும் சைன்-ஆஃபில்தான் பெரும்பாலும் ஒரு தவணைப் பணம் தொங்கிக்கொண்டிருக்கும். திட்டத்தின் கடைசி வாரங்களில் நடந்துவந்த இந்தச் சோதனையைத் தொடக்கத்துக்கு இழுத்து வரும் முயற்சியாக பி.டி.டி.யைப் பார்க்கலாம். பெரிய திட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: இம்முறையால் வந்த பலனில் பெரும்பகுதி நிரலுக்கு முன் நடக்கும் பேச்சிலிருந்து வந்தது, இம்முறையால் வந்த தொல்லையில் பெரும்பகுதி அந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டுக் கருவியை மட்டும் வாங்கிப் போட்டதிலிருந்து வந்தது.

கதை ஒரு சம்பளப் பட்டியலில் தொடங்குகிறது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் நிறுவனம் தன் ஊழியர்களின் சம்பளக் கணக்கை ஒரே அமைப்பில் கொண்டுவர முயன்றது. சி3 என்று அழைக்கப்பட்ட அந்தத் திட்டத்துக்கு நிரலர் கென்ட் பெக் 1996இல் வந்துசேர்ந்தார். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறை அங்கேதான் உருவம் பெற்றது. எந்தக் கணக்கு சரி என்று சொல்லும் சோதனைகளை வாடிக்கையாளர் தரப்பே வகுக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. பின்னாளில் ஏற்புச் சோதனை என்ற பெயர் அதற்கே நிலைத்தது. 1997இல் ஒரு பகுதி ஊழியர்களுக்கு அமைப்பு சம்பளம் போடவும் செய்தது. ஆனால் 2000இல் திட்டம் நிறுத்தப்பட்டது. இந்த வகை ஏற்புச் சோதனையின் பிறந்த வீடே பாதியில் பூட்டப்பட்டது என்பதை இம்முறையின் ஆதரவாளர்கள் அடக்கித்தான் வாசிக்கிறார்கள். நல்ல சோதனை ஒரு திட்டத்துக்கு ஆயுள் உத்தரவாதம் தருவதில்லை என்பது இங்கிருந்தே தெரிகிறது. 2002இல் வார்ட் கன்னிங்ஹாம் வெளியிட்ட ஃபிட் என்ற கருவி, வாடிக்கையாளர் தரப்பினர் அட்டவணையாக எழுதித் தரும் எடுத்துக்காட்டுகளை நேரடியாக ஓட்டியது. ராபர்ட் மார்ட்டினும் அவருடைய குழுவினரும் அதை விக்கிப் பக்கங்களோடு இணைத்து ஃபிட்னெஸ் ஆக்கினார்கள்.

பி.டி.டி. என்ற பெயரைத் தந்தவர் டேன் நார்த். சோதனைவழி நிரலாக்கத்தைக் கற்பிக்கும்போது, எங்கே தொடங்குவது, எதைச் சோதிப்பது, எதை விடுவது, சோதனைக்கு என்ன பெயர் வைப்பது என்ற அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதை அவர் கவனித்தார். 'இது இப்படி நடந்துகொள்ள வேண்டும்' என்ற வாக்கியமாகச் சோதனையை எழுதச் சொன்னதும் அந்தக் குழப்பங்களில் பல தீர்ந்தன. 2003இன் இறுதியில் ஜேபிஹேவ் என்ற கருவியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வணிகப் பகுப்பாய்வாளர் கிறிஸ் மேட்ஸுடன் சேர்ந்து, முன்நிலை, நிகழ்வு, விளைவு என்ற மூன்று பகுதி வடிவத்தை வகுத்தார். 2006 மார்ச்சில் வெளியான அவருடைய கட்டுரை இம்முறையைப் பரவலாக்கியது. 2008இல் அஸ்லாக் ஹெல்லசாய் உருவாக்கிய குகும்பர் அந்த வடிவத்துக்கு கெர்கின் என்ற எளிய எழுத்து முறையைத் தந்தது. கெர்கினின் கட்டளைச் சொற்கள் எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் உள்ளன. தமிழும் அவற்றில் ஒன்று. 'அம்சம்', 'காட்சி' என்று தொடங்கித் தமிழிலேயே ஒரு கோப்பை எழுதி ஓட்ட முடியும்.

இந்த வடிவம் என்ன வேலை செய்கிறது என்பதை ஒரு மருத்துவமனைச் சம்பளக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 'இரவுப் பணிக்கு உரிய கூடுதல் விகிதத்தில் ஊதியம் கணக்கிடப்பட வேண்டும்' என்று தேவை ஆவணத்தில் ஒரு வரி இருக்கிறது. படிப்பவர் எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அதையே எடுத்துக்காட்டாக எழுதச் சொன்னால்: செவிலியர் ஒருவர் சனிக்கிழமை இரவு 10 மணிக்குப் பணியில் சேர்கிறார்; ஞாயிறு காலை 6 மணிக்கு முடிக்கிறார்; அப்போது 2 மணி நேரம் சனிக்கிழமை விகிதத்திலும் 6 மணி நேரம் ஞாயிறு விகிதத்திலும் கணக்காக வேண்டும். இவ்வளவு எழுதியவுடன் மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்குள் சண்டை தொடங்கும். அப்படியெல்லாம் பிரிப்பதில்லை, பணி தொடங்கிய நாளின் விகிதமே முழுதுக்கும் என்பார் கணக்குப் பிரிவினர். அரை மணி நேர இடைவேளையை எந்த நாளில் கழிப்பது என்பார் நிரலர். மாற்று ஆள் வராமல் 45 நிமிடம் கூடுதலாக நின்றால் மிகைநேரப் படி எந்த விகிதத்தின்மேல் என்பார் சோதனையாளர். நள்ளிரவில் பொது விடுமுறை தொடங்கினால் என்ன என்று இன்னொருவர் கேட்பார். ஒரு வரித் தேவைக்குள் நான்கு முடிவுகள் ஒளிந்திருந்தன; அவற்றை யாரும் எடுத்திருக்கவில்லை. எடுக்காத முடிவை நிரலர் தன் ஊகத்தால் நிரப்பியிருப்பார், அதுவும் யாருக்கும் சொல்லாமல். வணிகத் தரப்பு, நிரலர், சோதனையாளர் என மூவரும் கூடிப் பேசும் இந்தக் கூட்டத்துக்கு 'மூன்று நண்பர்கள்' என்று பெயர். குகும்பர் இல்லாமல், ஒரு வெள்ளைப் பலகையை வைத்தே இதை நடத்திவிடலாம்.

இந்தப் பேச்சு நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை ஒரு பாடமாக நிற்கிறது. சுமார் 78,000 ஊழியர்களுக்கான புதிய சம்பள அமைப்பு அங்கே 2010 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வந்த முதல் சம்பளத்திலேயே பலருக்குக் குறைவாகவும் சிலருக்கு அதிகமாகவும் பணம் போனது; சிலருக்குப் போகவே இல்லை. அமைப்பைச் சீர்படுத்தி ஓட்டும் செலவு மொத்தம் 120 கோடி ஆஸ்திரேலிய டாலரை எட்டும் என்று கணக்கிடப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ரிச்சர்ட் செஸ்டர்மன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2013இல் தந்த அறிக்கையில் இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு முக்கியமானவை. ஒன்று, வணிகத் தேவைகள் முறையாக வரையறுக்கப்படவில்லை. இரண்டு, ஏற்புச் சோதனை நடந்தது, குறைகள் ஏராளமாக வெளிவந்தன. ஆனால் சோதனையைக் கடந்து செல்வதற்கான நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன, குறைகளின் தீவிரம் கீழிறக்கப்பட்டது. முதலாவது இரண்டாவதைப் பெற்றது என்றே சொல்ல வேண்டும். எது சரியான சம்பளம் என்று முன்கூட்டி எழுதி ஒப்புக்கொள்ளாத இடத்தில், தவறான சம்பளம் வந்தால் அது குறையா, ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள புதிய கோரிக்கையா என்று வழக்காடத்தான் நேரம் போகும். கெடு நெருங்க நெருங்க அந்த வழக்கில் தேதியே வெல்லும்.

எடுத்துக்காட்டுகளை முன்பே எழுதியிருந்தால் குயின்ஸ்லாந்து தப்பியிருக்குமா என்று ஒருவர் கேட்கலாம். தப்பியிருக்கும் என்று சொல்ல ஆதாரமில்லை. மேலிடம் ஒரு தேதியில் பிடிவாதமாக இருந்தால், சிவப்பாகத் தோற்ற சோதனையையும் மீறிப் பொத்தானை அழுத்தலாம். ஆனால் மீறுவதன் விலை மாறும். 'இந்தக் குறை இரண்டாம் நிலையா மூன்றாம் நிலையா' என்பது பேரம் பேசக்கூடிய விஷயம். 'ஞாயிறு அதிகாலை வேலை பார்த்த செவிலியருக்கு நாமே ஒப்புக்கொண்ட தொகை வரவில்லை' என்பதில் பேரத்துக்கு இடம் குறைவு; தெரிந்தே கையெழுத்திட்டவர் யார் என்பது ஆவணத்தில் நிற்கும். கூட்டங்களுக்கு நேரம் போகிறது என்ற மற்றொரு ஆட்சேபம் உண்மைதான், நேரம் போகும். மேலே சொன்ன நான்கு கேள்விகளும் எப்படியும் ஒருநாள் கேட்கப்படத்தான் போகின்றன. சம்பளம் வராத ஊழியர் அவற்றைக் கேட்பது எல்லாவற்றிலும் செலவு கூடிய வழி.

இனி, தொல்லையின் பக்கம். ஐந்து பேர் குழுவில் இனிமையாக ஓடும் பி.டி.டி. ஐம்பது குழுக்கள் உள்ள திட்டத்தில் மூச்சுத் திணறுவதற்குக் காரணங்கள் தொழில்நுட்பம் சார்ந்தவை, எளிதில் விளங்குபவை. முதல் காரணம் எழுதும் விதம். 'பயனர் பெயர்க் கட்டத்தில் இதைத் தட்டு, நீலப் பொத்தானை அழுத்து, மூன்றாவது பட்டியலைத் திற' என்று திரையின் ஒவ்வோர் அசைவையும் காட்சியாக எழுதினால், அதில் வணிக விதி எங்கே என்று தேட வேண்டியிருக்கும்; உள்நுழையும் திரையை மாற்றிய அன்று நூற்றுக்கணக்கான காட்சிகள் ஒரே நேரத்தில் சாயும். இரண்டாவது, குகும்பரில் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிரலோடு பிணைக்கும் இணைப்புகள் ஒரே தொகுப்பில் ஓடும் எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவானவை. 'வாடிக்கையாளர் கணக்கு மூடப்பட்டுள்ளது' என்று கடன் குழு ஒரு பொருளிலும் சேமிப்புக் குழு வேறு பொருளிலும் எழுதினால், ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இணைப்புகள் பொருந்தி, எதை எடுப்பது என்று தெரியாமல் கருவி பிழை காட்டும். உண்மையில் இது கருவியின் குறையல்ல. இரு குழுக்களும் ஒரே சொல்லை இரு பொருளில் ஆள்கின்றன என்ற எச்சரிக்கை. ஆனால் வெளியீட்டுக்கு முந்திய இரவில் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

மூன்றாவது காரணம் வெறும் கணக்கு. திரை, சேவை, தரவுத்தளம் என முழு அமைப்பையும் தொட்டு ஓடும் சோதனை, நிரலில் தவறே இல்லாதபோதும் எப்போதாவது தோற்கும். ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒருமுறை மட்டும் அப்படிப் பொய்யாகத் தோற்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, 1,000 சோதனைகள் உள்ள தொகுப்பு முழுவதும் பச்சையாக முடிய 37 சதவீத வாய்ப்புதான்; 3,000 என்றால் 5 சதவீதம். கூகுள் 2016இல் தன் உள்நிலவரத்தை வெளியிட்டபோது, சோதனை ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படி நிலையற்ற முடிவு தருவதாகவும், சோதனைகளில் ஏறத்தாழ 16 சதவீதத்தில் ஏதோ ஓர் அளவு நிலையின்மை இருப்பதாகவும் சொன்னது. சிவப்பு விளக்கு தினமும் எரிந்தால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். 'திரும்ப ஓட்டு, போய்விடும்' என்பது குழுவின் வழக்கமாகிவிட்டால், உண்மையான பிழையும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடும். இதற்கு அறிந்த மருந்து, வணிக விதியைத் திரை வழியாகச் சோதிக்காமல் அதற்குக் கீழே, கணக்கு நடக்கும் அடுக்கிலேயே சோதிப்பது. இரவுப் பணி விகிதத்தைச் சரிபார்க்க ஓர் உலாவியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. திரை வழியாகப் போகும் சோதனைகள் மிகச் சிலவாக, முழுப் பாதை திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் இருந்தால் போதும்.

இம்முறை மீதான கடுமையான விமர்சனம் வெளியாளிடமிருந்து வரவில்லை. ஃபிட் கருவியின் வளர்ச்சியை ஒருங்கிணைத்த ஜேம்ஸ் ஷோர், 2010இல், தானியங்கி ஏற்புச் சோதனைக் கருவிகளைத் தான் இனிப் பரிந்துரைப்பதில்லை என்று எழுதினார். வாடிக்கையாளர்கள் எடுத்துக்காட்டுகளைத் தாங்களே எழுதுவார்கள் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. எழுதும் வேலை சோதனையாளர் தலையில் விழுந்தது. சோதனைகள் மெதுவாகவும் எளிதில் உடைபவையாகவும் மாறின என்பது அவர் அனுபவம். இதில் மறுக்க அதிகமில்லை. வணிகத் தரப்பில் ஒருவரும் படிக்காத கெர்கின் கோப்பு, நிரலுக்கும் சோதனைக்கும் நடுவே சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் அடுக்கு. அதைப் பராமரிக்க ஆள் சம்பளம் வேறு. அதை நீக்கிவிட்டுச் சாதாரண அலகுச் சோதனையாக எழுதுவதே நல்லது. ஆனால் ஷோர் கைவிட்டது கருவியை. எடுத்துக்காட்டுகளை வைத்துப் பேசுவதை அவர் விடவில்லை. வரி, ஊதியம், காப்பீடு, வங்கி வட்டி போல விதியின் உரிமையாளர் நிரலர் அல்லாத ஒருவராக இருக்கும் இடங்களில், அவர் படித்து 'இது தப்பு' என்று சொல்லக்கூடிய கோப்பு அதன் செலவை ஈட்டிவிடும். தரவுத்தள இணைப்பு, கோப்புப் பகுப்பு போன்ற உள்வேலைகளுக்கு அது வீண். கோஜ்கோ அட்ஜிச் 2011இல் வெளியிட்ட நூலில் பல குழுக்களின் நடைமுறையை ஆராய்ந்து, எடுத்துக்காட்டுகள் காலப்போக்கில் அமைப்பின் நம்பகமான ஆவணமாக மாறுவதையே பெரிய பலனாகக் காட்டினார். ஐந்து ஆண்டு கழித்துப் புதிதாக வருபவர் எந்த ஆவணத்தை நம்பலாம் என்ற கேள்விக்கு, நேற்றிரவும் ஓடிப் பச்சையான ஆவணத்தைவிட நல்ல பதில் இல்லை.

எடுத்துக்காட்டு எவ்வளவு நல்லதானாலும் அது ஒரு புள்ளிதான். பரப்பு முழுவதையும் அது மூடாது. ஆயிரக்கணக்கான படி, விகிதச் சேர்க்கைகள் உள்ள சம்பளக் கணக்கை இருநூறு காட்சிகளால் தீர்க்க முடியாது. பழைய அமைப்பையும் புதியதையும் அருகருகே ஓட்டி ஒவ்வொருவர் தொகையையும் ஒப்பிடுவது வேண்டும். நடத்தை சரியா என்று கேட்கும் சோதனை, கூட்டம் தாங்குமா என்று கேட்பதில்லை. 2013 அக்டோபர் 1 அன்று திறந்த அமெரிக்காவின் ஹெல்த்கேர்.கவ் என்ற மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில் முதல் நாள் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறு பேர். முழு அமைப்பையும் சேர்த்துச் சோதித்தது கடைசி இரண்டு வாரங்களில்தான் என்று ஒப்பந்த நிறுவனங்கள் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னன. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் புதிய தளத்துக்கு மாறியபோது 19 லட்சம் வாடிக்கையாளர்கள் வரை கணக்கை அணுக முடியாமல் தவித்தார்கள். இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை நடந்திருந்தது என்பது பின்னர் வெளிவந்தது. அந்த ஓட்டையை எந்த கெர்கின் வாக்கியமும் அடைத்திருக்காது. பி.டி.டி.யை எல்லாச் சோதனைக்கும் மாற்றாக விற்பவர்களிடம் இந்த இரண்டு திட்டங்களைப் பற்றிக் கேட்பது நல்லது.

கருவிகள் வரும், போகும். டாட்நெட் உலகில் 2009 முதல் பரவலாகப் பயன்பட்ட ஸ்பெக்ஃப்ளோவின் ஆதரவு 2024 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதை முதலில் உருவாக்கிய காஸ்பார் நாக், அதே நிரலிலிருந்து கிளைத்த ரெக்ன்ரோலை அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே வெளியிட்டிருந்தார். ஸ்பெக்ஃப்ளோவை நம்பியிருந்த குழுக்கள் தங்கள் இணைப்பு நிரலில் சில மாற்றங்களைச் செய்து அதற்கு இடம்பெயர முடிந்தது. காட்சிக் கோப்புகளில் எழுதியிருந்த வாக்கியங்களைத் தொட வேண்டியிருக்கவில்லை.