காப்புப் பருவம்

பிள்ளைத்தமிழைப் பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகத்தான் படித்தேன். பத்துப் பருவங்களையும் வரிசை மாறாமல் எழுதவேண்டும், அவ்வளவுதான். ஏழு மாத வயிற்றோடு, குழந்தைக்கு வாங்கவேண்டிய சாமான்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும்போது அதே வரிசை வேறு மாதிரி தெரிகிறது. எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யும், அதன் கைக்கு எப்போது என்ன வரவேண்டும் என்று சொல்லும் ஓர் அட்டவணை அது.

நான் இருப்பது மாங்காட்டில். பக்கத்து ஊர் குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக இருந்து பெரியபுராணம் பாடியவருக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். எழுநூறு வருஷம் கழித்து அமைச்சரைத் திரும்பவும் கைக்குழந்தையாக்கித் தரையில் தவழவிட்டிருக்கிறார்.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி மூன்றாம் மாதத்தில் காப்பு. ஐந்தாம் மாதம் செங்கீரை: கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடும் பருவம். ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, அதாவது கை கொட்டுதல். பிறகு முத்தம், வருகை, நிலாவைக் கூப்பிடும் அம்புலி. ஆண்பாற் பிள்ளைத்தமிழ் என்றால் பதினேழில் சிற்றில், பத்தொன்பதில் சிறுபறை, இருபத்தொன்றில் சிறுதேர். இந்த வரிசையில் பொருள் என்று ஒன்று எங்கே வருகிறது என்று தேடினேன். தாலில் தொட்டில் வருகிறது. அதற்குப் பிறகு பறை, தேர். நடுவில் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் எல்லாம் தன் கை, அம்மா முகம், வானத்து நிலா, தெரு மண். கடையில் வாங்க ஒன்றுமே இல்லை.

தேருக்கு மட்டும் நீண்ட வரலாறு உண்டு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண், காயவைத்த தானியத்தைத் தின்ன வரும் கோழியைத் தன் பொற்குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறாள். அந்தக் குழை போய், சிறுவர்கள் உருட்டும் குதிரையில்லாத மூன்று சக்கரத் தேரின் வழியில் தடையாகக் கிடக்கிறது. ஊரின் செல்வத்தைச் சொல்ல வந்த இடம்தான். நமக்கு அதில் கிடைப்பது இன்னொரு தகவல்: இன்றைக்கும் கோயில் கடைகளில் தொங்கும் நடைவண்டிக்கு உள்ள அதே மூன்று சக்கரம் அந்தத் தேருக்கும் இருந்திருக்கிறது. குறுந்தொகையின் 61ஆம் பாட்டிலும் தச்சன் செய்த சிறுதேர் வருகிறது. ஏறிப் போகாவிட்டாலும் கையால் இழுத்தே இன்பம் காணும் சிறுவர்கள் அதில் உவமை. குழந்தையை ஒன்றின் மேல் உட்காரவைத்து ஓட்டுவது ஒன்று, குழந்தையின் கையில் ஒன்றைக் கொடுத்து இழுக்கவிடுவது வேறொன்று. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் திரும்பி வருவேன்.

*

என் கணவர் செல்போனில் போட்டிருக்கும் பட்டியலில் 41 சாமான்கள். ஸ்ட்ரோலர், கார் சீட், பேபி கேரியர், வாக்கர், பவுன்சர், ப்ளே ஜிம், பயணத்துக்கு ஒரு மடக்குத் தொட்டில் என்று போகிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளை கைக்கு வரட்டும் மாப்ளை. அதுக்கு முன்னாடி ஒரு முழத் துணிகூட வாங்கக்கூடாது" என்றாள். முதல் துணி பழைய வேட்டிதான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. புதுசு அப்புறம்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் நகரத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறுக்கும் மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஐந்தில் ஒன்று. பெரிய குடும்பம் என்றால் எல்லா வீட்டிலும் ஒன்று. நம் பாட்டிகளின் அம்மாக்கள் வாழ்ந்தது இந்தக் கணக்குக்குள்தான். ஆசையாக வாங்கி மடித்துவைத்த சட்டையை யாருக்கும் போடாமல் திரும்ப எடுத்துவைப்பது எப்படிப்பட்ட வேலை என்று அவர்களுக்குத் தெரியும். வாங்காதே என்ற விதி அந்த வேலையிலிருந்து தப்பிக்க ஒரு வழி.

அதே பயத்தின் இன்னொரு தடம் நம் பெயர்களில் இருக்கிறது. வீட்டிலுள்ள பழைய ரேஷன் கார்டையோ பத்திரத்தையோ எடுத்துப் பாருங்கள். குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள் என்று ஒருவராவது இருப்பார். முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்துப் பெயர் வைத்தார்கள். சில ஊர்களில் பிள்ளையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்து, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, எடுத்துப் போகாதே என்று சாவை ஏமாற்றுகிற வேலை அது. குழந்தைக்கு ஆசையே காட்டக்கூடாத காலத்தில் அட்வான்ஸாக ஸ்ட்ரோலர் வாங்குவது எப்படி நடக்கும்?

2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் ஆயிரத்துக்கு 13. இருநூறுக்கு மேலிருந்து பதின்மூன்றுக்கு. தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், கிராமம் கிராமமாக நடந்த செவிலியர்கள், நல்ல தண்ணீர், படித்த அம்மாக்கள், எல்லாம் சேர்ந்து இறக்கிய எண் இது. பிறப்பதற்கு முன்னாலேயே பட்டியல் போடும் தைரியம் என் தலைமுறைக்கு வந்தது இந்த எண்ணிலிருந்துதான். கணவரின் 41 சாமானும் அம்மாவின் ஒரு முழத் துணியும் ஒரே வரலாற்றின் இரண்டு முனைகள்.

*

அரசாங்கங்களும் பட்டியல் போட்டிருக்கின்றன. ஃபின்லாந்தில் 1930களில் ஆயிரத்துக்கு 65 குழந்தைகள் இறந்துகொண்டிருந்தபோது, 1938இல் ஏழைத் தாய்மார்களுக்கு ஒரு பெட்டி கொடுக்கத் தொடங்கினார்கள். துணிமணி, போர்வை, மெத்தை. காலிப் பெட்டிதான் குழந்தையின் முதல் படுக்கை. 1949இல் எல்லாத் தாய்மார்களுக்கும் என்று விரித்தபோது கூடவே ஒரு நிபந்தனை வந்தது: கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்குள் டாக்டரிடம் போயிருக்கவேண்டும். பெட்டியைக் காட்டித் தாயை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தார்கள்.

நம் ஊரில் 2015இல் அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் வந்தது. அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு ஆயிரம் ரூபாய் மதிப்பில் 16 பொருள்கள். துண்டு, சட்டை, சிறு மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, தாய்க்குக் கை கழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம். விளையாட இரண்டே இரண்டு: ஒரு கிலுகிலுப்பை, ஒரு பொம்மை. ஸ்ட்ரோலர் கம்பெனிகளின் பட்டியலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு தெளிவான பட்டியல்! பிரசவித்த வீட்டின் பயம் கொசு, குளிர், அழுக்குக் கை என்று தெரிந்து ஒவ்வொன்றுக்கும் எதிராக ஒரு பொருளை வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்குக் காப்புப் பருவம் புரிந்தது. தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டு இந்தப் பிள்ளையைக் காக்கச் சொல்லிவிட்டுத்தான் கவிஞர் செங்கீரைக்கே போகிறார். சங்கு, சக்கரம், வாள், வில், கதை கோத்த ஐம்படைத் தாலி, கையில் கட்டும் வசம்பு, நகராட்சி கொசு மருந்து அடிக்கும் காலத்தில் கொசுவலை. ஒவ்வொரு காலமும் தன் பயம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் காப்பை வைத்திருக்கிறது. ஆகவே வாங்கும் முன் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இப்போது பயம் எங்கே இருக்கிறது?

*

முதலில் ஸ்ட்ரோலரை எடுத்துக்கொள்வோம். 1733இல் இங்கிலாந்தில் வில்லியம் கென்ட், டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்கு ஆடு இழுக்கும்படி ஒரு வண்டி செய்தார். பிரபுவின் தோட்டத்துப் பாதையில் ஓட்ட. 1965இல் ஓவன் மெக்லாரன் குடைபோல மடங்கும் ஸ்ட்ரோலருக்குக் காப்புரிமை கேட்டார். அவர் இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரத் தாங்கியை வடிவமைப்பதில் வேலை செய்த பொறியாளர். மடங்கி உள்ளே போகும் சக்கரம் அவருக்குக் கைவந்த கலை. மாஸ்கோவிலிருந்து மகள் பேரப்பிள்ளையோடு விமானத்தில் வந்தபோது கனமான தள்ளுவண்டியோடு பட்ட பாடுதான் தூண்டுதல். அலுமினியத்தில் மூன்று கிலோவுக்கும் குறைவாக முடித்துவிட்டார். அருமையான கருவி. ஆனால் தோட்டத்துப் பாதை, விமான நிலையம் இரண்டுமே மாங்காடு இல்லை.

எங்கள் ஊர் 2021இல் நகராட்சி ஆனது. காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வருகிறவர்கள் கூட்டம், நடைபாதை இருக்கவேண்டிய இடத்தில் பைக், சாய்ந்த சாக்கடை மூடி, மழை பெய்தால் கணுக்கால் தண்ணீர். இதில் மூன்று கிலோ அலுமினியம் பத்து அடி போகாது. பட்டியலில் அதை அடித்தேன்.

நம் பயணத் தொட்டில் எப்போதும் சேலைதான். கட்டட வேலை நடக்கும் இடத்தில் வேப்பமரக் கிளையில், ரயிலில் இரண்டு பெர்த்துக்கு நடுவே, அதே சேலை தூளியாகும். இடுப்பிலும் முதுகிலும் பிள்ளையைத் துணியால் கட்டிக்கொள்ளும் பழக்கம் உலகம் முழுக்க உண்டு. 1960களில் ஆன் மூர் என்ற அமெரிக்க நர்ஸ் ஆப்பிரிக்காவின் டோகோவில் அமைதிப்படைத் தொண்டராக இருந்தார். அங்கே அம்மாக்கள் முதுகில் துணியால் கட்டிய பிள்ளைகள் அழாமல் இருப்பதைப் பார்த்தார். ஊர் திரும்பித் தன் அம்மாவைத் தைக்கச் சொல்லி, 1969இல் காப்புரிமை வாங்கி, ஸ்னக்லி என்று விற்றார். இன்றைய பேபி கேரியரின் தாய் அதுதான். கேரியர் எங்கள் பட்டியலில் இருக்கிறது. என் தோள் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்து, பிள்ளை பிறந்தபின் வாங்கலாம். அம்மாவுக்கும் சம்மதம்.

வாக்கர் கூடாது. உட்காரவைத்துக் காலால் தள்ளவிடும் அந்தச் சக்கர வளையத்தில் பிள்ளை படிக்கட்டில் உருளும், அடுப்பை எட்டிப் பிடிக்கும். நடையும் சீக்கிரம் வராது. கனடா 2004இல் அதை விற்கவே தடை போட்டது. நடைவண்டி அப்படியல்ல. எழுந்து நிற்க முடிந்த பிள்ளைதான் அதைப் பிடிக்க முடியும். பிள்ளையின் கால் வண்டியை ஓட்டுகிறது. சங்கப் பாட்டின் சிறுவர்கள் ஏறாமல் இழுத்தார்களே, அந்த வித்தியாசம் இதுதான்.

*

மீதி இருப்பது கார் சீட். பயம் இப்போது குடியிருக்கும் இடம் அது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் பூந்தமல்லி சாலையையும் குன்றத்தூர் பக்கத்து வெளிவட்டச் சாலையையும் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டாம்.

1960களில் ஸ்வீடன் டாக்டர் பெர்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்கலத்தின் வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்தபடி மேலே போகும் முறையைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்தார். விசையை முதுகு முழுக்கப் பரப்பிவிடும் உத்தி அது. 1964இல் பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை ஒரு வோல்வோவில் வைத்துச் சோதித்தார். பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் கால் பங்கு. கழுத்து அதைத் தாங்கும் அளவுக்கு வலுவில்லை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மோதும்போது தலை முன்னே பாயும். பின்பக்கம் பார்த்தால் இருக்கையின் ஓடு தலையையும் முதுகையும் சேர்த்துத் தாங்கும். மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பது மோதலின் விசைக்கு முன் ஒன்றுமே இல்லை. ஏர்பேக் உள்ள முன் சீட்டில் இதை வைக்கவே கூடாது, பின் சீட்டில்தான்.

சட்டமும் வந்துவிட்டது. 2019 திருத்தத்தின் 194பி பிரிவின்படி பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். பைக்குக்கு 2022 பிப்ரவரியில் விதி வந்து, ஒரு வருஷம் கழித்து அமலானது. நான்கு வயதுக்குக் கீழே என்றால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ், ஒன்பது மாதத்திலிருந்து ஹெல்மெட், வேகம் 40க்குள். கைக்குழந்தையின் தலைக்கு ஹெல்மெட்டே இல்லை என்றால் அது பைக்கில் ஏறக்கூடாத பருவம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், அம்மாவின் விதியோடு நேருக்கு நேர் மோதும் ஒரே சாமான் இதுதான். பிள்ளை பிறந்தபின் வாங்கலாம் என்று தள்ளமுடியாது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வரும் முதல் பயணத்திலேயே வேண்டும். யாரோ உபயோகித்ததை வாங்கவும் மனசில்லை. விபத்தில் அடிபட்டதா என்று வெளியில் பார்த்தால் தெரியாது. அம்மாவிடம் விண்வெளி வீரர்களையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அதுல புள்ளைக்கு அடிபடாதா?" அடிபடும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்றேன். ரொம்ப நேரம் யோசித்தாள். "அப்ப வாங்கிடு. ஆனா இந்த வீட்ல வைக்காத. அண்ணன் வீட்ல இருக்கட்டும். பிரிக்காத."

பிரிக்காமல் வைத்தால் சரியாகப் பொருத்திப் பார்க்க முடியாதே என்றதற்கு, "அண்ணன் வண்டில மாட்டிப் பாக்கட்டும், அது அவன் வண்டிதானே" என்றாள். ஐந்தில் ஒன்று செத்த காலத்தின் விதியும், ஆயிரத்தில் பதின்மூன்று என்ற காலத்தின் விதியும் அண்ணன் வண்டியின் பின் சீட்டில் சமரசமாகிவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து அதே வண்டியில்தான் வரப்போகிறோம்.

பட்டியலில் மிச்சம் நாற்பது. ஸ்ட்ரோலர், வாக்கர் அடித்தாயிற்று. கேரியர் பிறகு. பவுன்சரும் மடக்குத் தொட்டிலும் வேண்டாம், தூளி விழித்திருக்கும்போது ஆட்ட, தூங்க விறைப்பான சமதளப் படுக்கை, மல்லாக்க. பொம்மைகளில் ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரியிலிருந்து கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறது. கிலுகிலுப்பை ஒன்று போதும், அது மாமன் வாங்கித் தரவேண்டியது.

சிறுதேருக்கு இருபத்தொன்றாம் மாதம். அதற்குள் ஒரு தச்சரைப் பிடித்துவிடலாம்.