எது விளையாட்டு?

சதுரங்கப் பலகையின் முன் மணிக்கணக்காக அமர்ந்திருப்பவரையும் ஓட்டக்காரரையும் விளையாட்டு வீரர் என்னும் ஒரே பெயரால் அழைக்கிறோம். உட்கார்ந்திருப்பதும் விளையாட்டாகுமோ என்று ஐயுறுவோர் நம்மிடையே உளர். அவ்வையத்துக்கு ஒலிம்பிக் வரலாற்றில் சுவையான விடையொன்று கிடைக்கிறது.

1896ஆம் ஆண்டு ஆதென்ஸில் முதல் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது நீச்சல் குளம் இல்லை. பிரேயஸ் துறைமுகத்தருகே குளிர்ந்த கடலிலேயே வீரர்கள் நீந்தினர். ஹங்கேரி நாட்டின் ஆல்ஃபிரெட் ஹாயோஷ் என்னும் 18 வயது மாணவர், உடலெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டு நீரில் இறங்கி, 100 மீட்டர், 1200 மீட்டர் ஆகிய இரு பந்தயங்களிலும் வென்றார். அவர் கட்டடக் கலை பயின்றுவந்தவர். ஊர் திரும்பியபோது கல்லூரித் தலைவர், பதக்கங்களில் தமக்கு அக்கறையில்லை என்றும், அடுத்த தேர்வில் அவர் அளிக்கும் விடைகளையே எதிர்நோக்குவதாகவும் கூறினாராம்! நீந்துவதை ஒரு சாதனையாக அப்பெரியவர் மதிக்கவில்லை போலும்.

ஒலிம்பிக்கை மீட்டெடுத்த பியர் தெ கூபர்த்தான் உடலும் உள்ளமும் ஒருங்கே போட்டியிட வேண்டும் என்று விழைந்தார். அதன் பயனாக 1912இல் ஸ்டாக்ஹோமில் கட்டடக் கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் ஆகிய ஐந்துக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. படைப்பு விளையாட்டைத் தழுவியதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. அவ்வாண்டு இலக்கியத்துக்கான தங்கம், இரு புனைபெயர்களில் கவிதை அனுப்பிய கூபர்த்தானுக்கே கிடைத்தது. இது நமக்குச் சற்று நெருடலாகவே படுகிறது.

1924இல் பாரிஸ் நகரில் மீண்டும் ஹாயோஷைக் காண்கிறோம். விளையாட்டரங்கம் ஒன்றுக்கான வரைபடத்தை டெஜோ லாவுபருடன் சேர்ந்து அவர் அனுப்பியிருந்தார். கட்டடக் கலைக்கு அம்முறை நடுவர்கள் எவருக்கும் தங்கம் அளிக்கவில்லை. வெள்ளி இவ்விருவருக்கும் கிட்டியது. கல்லூரித் தலைவர் பொருட்படுத்திய கல்விக்கும் இவ்வாறு ஒலிம்பிக் பதக்கம் வந்து சேர்ந்தது.

1948இல் லண்டனோடு கலைப் போட்டிகள் நின்றன. ஓவியம் விளையாட்டன்று என்பது அதற்குக் காரணமன்று. ஒலிம்பிக்கில் பங்குகொள்வோர் பொழுதுபோக்காளராக இருத்தல் வேண்டும். கலைஞரோ தம் தொழிலால் பொருள் ஈட்டுபவர் என்பதே தடையாயிற்று. 1980களில் அக்கட்டுப்பாடு தளர்ந்து தொழில்முறை வீரர்கள் ஒலிம்பிக்கில் இறங்கினர். கலைஞர்கள் மட்டும் திரும்ப அழைக்கப்படவில்லை. இன்று பதக்கக் கணக்கில் அவ்வெள்ளி சேர்வதில்லை. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இடம்பெற்ற கயிறிழுக்கும் போட்டியும் பின்னர் விடுபட்டது. உடல் வலிமைக்கு அதனினும் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

நம் நாட்டில் சதுரங்கத்துக்கு இடர் குறைவு. 1961இல் அர்ஜுனா விருது தொடங்கியபோதே அதைப் பெற்றோருள் மானுவல் ஆரன் இருந்தார். கேல் ரத்னா விருதை முதலில் பெற்றவர் விசுவநாதன் ஆனந்த். உலகச் சதுரங்கச் சம்மேளனத்தை அனைத்துலக ஒலிம்பிக் குழு 1999இல் அங்கீகரித்தது. எனினும் ஒலிம்பிக்கில் சதுரங்கத்துக்குப் பதக்கமில்லை.

ஆசியப் போட்டிகள் இன்னும் தாராளமானவை. சீட்டு என்றாலே வீட்டுப் பெரியோர் முகஞ்சுளிப்பதை நாம் அறிவோம். 2018இல் ஜகார்த்தாவில் பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் ஆடவர் இணைப் பிரிவில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றனர். அப்போது முன்னவருக்கு வயது 60; பின்னவருக்கு 56.