அச்சத்துக்கு மருந்து ஐயமா? ஊடக எழுத்தறிவு கற்பிக்க வேண்டியது என்ன

2018ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலைத் தேடிச் சென்ற ஒரு குடும்பத்தினரை, குழந்தை கடத்த வந்தவர்கள் என்று எண்ணி ஊரார் தாக்கினர். 65 வயதுப் பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் மாண்டனர். அப்போது பரவிய காணொளிகளுள் ஒன்று, குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்திக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதில் குழந்தையைத் தூக்கிச் செல்பவர்கள் இறுதியில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த இறுதிப் பகுதி மட்டும் வெட்டி நீக்கப்பட்டிருந்தது. இக்கொலைகளுக்குப் பாமரரின் அறியாமையே காரணம் என்று பலர் முடிவு கட்டினர். நான் அதை ஏற்கவில்லை. அந்தச் செய்தி மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று அறிந்த முகங்களின் வழியே வந்தது, அதனாலேயே நம்பப்பட்டது. அதைச் சரிபார்த்துச் சொல்லக்கூடிய காவல் நிலையத்தின் மீதோ நிர்வாகத்தின் மீதோ அதே அளவு நம்பிக்கை இருக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் திரிபுராவில், வதந்தியை நம்பாதீர்கள் என்று ஊர் ஊராக அறிவிக்க அரசு அமர்த்திய ஒருவரையே கும்பல் அடித்துக் கொன்றது. சரியான தகவல் ஒலிபெருக்கியில் வந்தது. சொன்னவரை நம்ப ஆளில்லை.

ஆகவே ஊடக எழுத்தறிவைப் பொய்யைக் கண்டுபிடிக்கும் உத்திகளின் தொகுப்பாக மட்டும் சுருக்குவது பிழை. யாரை, எந்த அடிப்படையில், எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடும் பழக்கமே அதன் உயிர்நாடி. பழக்கம் ஒரே நாளில் வராது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2019 தேர்தல் காலத்தில் பீகாரில் சுமித்ரா பத்ரிநாதன் 1,224 பேரிடம் நடத்திய கள ஆய்வில், ஏறக்குறைய ஒரு மணி நேர நேரடிப் பயிற்சி ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க பலன் எதையும் தரவில்லை. மத்தியில் ஆண்ட கட்சியின் ஆதரவாளர்களோ, தம் கட்சிக்கு இதமான பொய்களை இனங்காண்பதில் பின்தங்கவே செய்தார்கள். இத்துடன் நின்றால் ஊடக எழுத்தறிவு வீண் என்றே தோன்றும். ஆனால் அதே மாநிலத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் பின்னர் 583 கிராமங்களில் 13,000க்கும் மேற்பட்ட பதின்பருவ மாணவர்களிடம் வேறொரு முயற்சியை மேற்கொண்டனர். பல வாரங்களுக்கு நீண்ட வகுப்புகள், பாடத்திட்டம், ஆசிரியர், உடன் பயிலும் தோழர்கள் என்று அது அமைந்தது. பொய்யை இனங்காணும் திறன் கூடியது. மாதங்கள் கடந்தும் நிலைத்தது. பெற்றோரிடமும் அதன் தாக்கம் தென்பட்டது. இரண்டு ஆய்வுகளும் எல்லா வகையிலும் ஒத்தவை அல்ல என்றாலும், காலமும் கூடிக் கற்கும் சூழலும் முக்கியம் என்ற முடிவுக்கே அவை என்னை இட்டுச் செல்கின்றன.

ஊடக எழுத்தறிவுக்கு எதிராக வரும் மிக வலுவான வாதம், சந்தேகப்படக் கற்பித்தால் மக்கள் எல்லாவற்றையுமே சந்தேகிப்பார்கள் என்பது. அமெரிக்க ஆய்வாளர் டானா பாய்ட் 2018இலேயே இவ்வாறு எச்சரித்தார். அமெரிக்கா, போலந்து, ஹாங்காங் ஆகிய இடங்களில் நடந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வும், பொய்ச் செய்திக்கு எதிரான வழக்கமான தலையீடுகள் பொய்யின் மீதான நம்பிக்கையைக் குறைப்பதோடு மெய்யின் மீதான நம்பிக்கையையும் குறைக்கின்றன என்று காட்டியது. இது அலட்சியப்படுத்தக் கூடிய முடிவு அன்று. தடுப்பூசிச் செய்தியையும் புயல் எச்சரிக்கையையும் ஒருவர் ஒதுக்கித் தள்ளினால் அந்தக் கல்வி அவருக்குத் தீங்கே செய்திருக்கிறது. ஆனால் குறை, பொய்யை மட்டுமே முன்னிறுத்தும் பயிற்சிமுறையில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். ஒரு நாளிதழ் செய்தியை எப்படி உறுதி செய்கிறது, தவறு நேர்ந்தால் எப்படித் திருத்தம் வெளியிடுகிறது, வானிலை மையம் எதை வைத்துக் கணிக்கிறது என்பவை பாடத்தில் பாதி இடத்தையாவது பெற வேண்டும்.

குற்றம் சமூக ஊடக நிறுவனங்களுடையது, சுமையை ஏன் பயனர் தலையில் ஏற்றுகிறீர்கள் என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2018 கொலைகளுக்குப் பிறகு வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. அத்தகைய கட்டுப்பாடுகள் இன்னும் இறுக வேண்டும். எனினும் அவை நடப்பில் இருந்தபோதுதான், 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. தமிழ்நாடு காவல்துறை உடனே மறுத்தது, இந்தியிலும் விளக்கம் அளித்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து தொழிலாளர்களிடம் பேசியது. தம் மொழியில், தாம் நம்பக்கூடியவர் வாயிலாக உண்மை வந்து சேர்ந்ததே அந்த நடவடிக்கையின் பலம்.

நம்பக்கூடியவர் வழியே கற்பிப்பதில் தமிழ்நாட்டுக்கு முன்னனுபவம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்கு எழுத்தறிவு ஊட்டியபோது, ஆசிரியர்களாக நின்றவர்கள் அதே ஊர்த் தொண்டர்கள். பள்ளிக்கல்வித் துறையும் ஊர்ப்புற நூலகங்களும் அந்த வடிவத்தை மீண்டும் கையிலெடுக்க வேண்டும்: பள்ளியில் ஒரு பருவம் முழுதும் நீளும் பாடமாக, ஊரில் தெரிந்த முகங்கள் நடத்தும் மாலை வகுப்பாக. அடுத்த வதந்தி வந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்திருக்கும்.