வெற்றுக் கோட்டையா?

செஞ்சிக்கு வருவோர் இராசகிரியை அண்ணாந்து பார்த்து வியப்பர், வியந்தபின் பெருமூச்செறிவர். "எப்படி இருந்த கோட்டை, இன்று வெறுங்கோட்டை!" என்பர். அக்கோட்டையின் நிழலிலே பிறந்து, அதன் நிழலிலேயே பிள்ளைகட்கு வரலாறு சொல்லித்தரும் ஆசிரியன் நான். 'வெற்றுக் கோட்டை' என்று பொருள்படும் பெயரில் 1967-ல் அமெரிக்காவில் ஒரு நூல் வெளிவந்தது எனப் படித்தபோது திடுக்கிட்டேன். அந்நூல் மதிலையும் அகழியையும் பற்றியதன்று. ஆட்டிசம் உடைய குழந்தைகளைப் பற்றியது. என்னைப் போன்றோரைப் பற்றியது!

ஆம், தோழர்களே! சென்ற ஆண்டு, என் 27-ஆம் வயதில், சென்னையில் ஒரு மருத்துவர் பல மணி நேரம் கேட்டும் ஆய்ந்தும் எனக்கு ஆட்டிசம் என்றார். முதலில் நெஞ்சு இலேசாயிற்று. கூட்டத்தின் இரைச்சல் என் காதுக்கு மட்டும் ஏன் இடியாக இருந்தது, பிறர் கண்ணைப் பார்த்துப் பேச ஏன் இயலவில்லை, 'திமிர் பிடித்தவன்' என்ற பெயர் ஏன் வந்தது என்பதற்கெல்லாம் விடை கிடைத்ததே! ஆனால் பேருந்து திண்டிவனத்தைத் தாண்டுமுன் சினம் மூண்டது. இருபது ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்தால்? அந்தக் கேள்வியோடு பல இரவுகள் உறங்காது கிடந்தேன். பிறகு, எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன். வரலாற்றைப் புரட்டினேன்.

சொல்லின் வயது நூற்றாண்டுக்குச் சற்றே மேல். கிரேக்கத்தில் 'தான்' என்று பொருள்படும் சொல்லினின்று அதை ஆக்கியவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர். அவர் குறித்தது வேறொரு மனநோயின் கூறினை. 1925-ல் உருசிய நாட்டு மருத்துவப் பெண்மணி சுகரேவா ஆறு சிறுவரைப் பற்றி எழுதினார், உலகம் கவனிக்கவில்லை. 1943-ல் பால்டிமோர் நகரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதுதான் நிலைத்தது. பிறவியிலேயே அமைந்த இயல்பு என்றுதான் அவர் முதலில் கருதினார். ஆனால் அதே கட்டுரையில், பெற்றோரிடம் பாசம் குறைவு என்றும் ஒரு குறிப்பை வைத்தார். அந்தச் சிறு பொறிதான் பின்னர் காட்டுத் தீயாயிற்று!

தீயை ஊதியவர் சிகாகோவின் புரூனோ பெட்டல்கைம். 'வெற்றுக் கோட்டை'யின் ஆசிரியர். தாக்காவு, பூகன்வால்டு என்னும் நாசிச் சிறைமுகாம்களில் தாமே வதைபட்டவர். அந்த மனிதர் என்ன செய்தார்? முகாம்களில் தாம் கண்ட கைதிகளின் நிலையையே இக்குழந்தைகளிடமும் கண்டார். அவர்களை அந்நிலைக்குத் தள்ளியது தாயின் வெறுப்பு என்றார். தாய்மார் குற்றக் கூண்டில் நின்றனர்.

என் தாயும் நின்றாள். சிகாகோவில் அல்ல, எங்கள் தெருவில். "பிள்ளையைத் திண்ணையில் விட்டுக் களையெடுக்கப் போனாள், அதனால்தான் இப்படி" என்றனர் உறவினர். முன்வினை என்றார் ஒருவர். தாயத்து கட்டினார் மற்றொருவர். ஊர்ப் பூசாரிக்கும் அயல்நாட்டு அறிஞருக்கும் அகப்பட்டது ஒரே குற்றவாளி! சான்றின்றிச் சொல்லும் தீர்ப்பு வெள்ளை அங்கி அணிந்து வந்தால் மட்டும் மூடநம்பிக்கை அல்லாததாகி விடுமா?

சான்றோடு வந்தோரும் இருந்தனர். ஆட்டிசம் உடைய மகனின் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்டு 1964-லேயே, இது உடலமைப்பின் வழி வருவது, தாயின் குற்றமன்று என வாதிட்டு நூல் எழுதினார். 1969-ல் கானரே பெற்றோர் கூடிய அவையில், "உங்களைக் குற்றத்தினின்று விடுவிக்கிறேன்" என்ற கருத்துப்பட அறிவித்தார். 1977-ல் போல்சுடைன், இரட்டர் இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆய்ந்தனர். ஒரே கருவினின்று பிரிந்த 11 இணைகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவினரான 10 இணைகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. பிறப்புவழிக் கூறு வெளிப்பட்டது.

நம் நாட்டில்? 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்தில் முழுமையாக வந்தது. நான் படித்த காலத்தில் என் ஆசிரியர்கள் அறியாதிருந்ததற்கு அவர்களை நோவதில் பயனில்லை என்று உணர்ந்தபோது, சினத்தில் பாதி தணிந்தது. மறுபாதி இன்னும் இருக்கிறது, மறைப்பானேன்!

கோட்டைக்கு வருகிறேன். 1690 முதல் 1698 வரை மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டான். வெளியே நின்ற படைக்குத் தெரிந்தது மூடிய கதவும் மதிலும்தான். உள்ளே களஞ்சியமும் சுனையும் இருந்தன. உண்டு, உறங்கி, பூசலிட்டு, சிரித்து மக்கள் வாழ்ந்தனர். பெட்டல்கைம் செஞ்சிக்கு வந்ததில்லை போலும்.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிறு மாலை அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் மணிலாக் கொட்டை புடைத்துக் கொண்டிருந்தவள் கை நிறுத்தினாள்.

"அப்போ நான் களையெடுக்கப் போனதால இல்லியாடா?"

"இல்லை அம்மா."

வெகுநேரம் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்து, "உங்க பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வரேன், கதவைச் சாத்திக்க" என்று செருப்பைத் தேடினாள்.