1954-ம் ஒரு இறால் சாண்ட்விச்சும்

1954-ஆம் வருஷத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண். எங்கள் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையை விட்டு இந்தியாவோடு சேர்ந்தது அந்த வருஷம் நவம்பர் 1. அதற்கு மூன்று மாதம் முன்னால், ஜூலை 21-ல், ஜெனிவா ஒப்பந்தம். வியட்நாம் வடக்கு, தெற்கு என்று இரண்டானது. அதற்கும் பதினோரு நாள் முன்னால் அமெரிக்காவில் பி.எல்.480 சட்டம், உபரி தானியத்தைக் கப்பலேற்றி மற்ற நாடுகளுக்கு அனுப்பும் திட்டம். மூன்றையும் ஒரே பேரேட்டில் எழுதிக் கூட்டினால் ஒரு சாண்ட்விச் வருகிறது என்று சொன்னால் தங்கமணி சிரிக்கிறார். நீங்களும் சிரித்துவிட்டுக் கேளுங்கள் :-)

சாண்ட்விச்சின் பெயர் பான் மி. வியட்நாம் பாஷையில் 'பான்' என்றால் மாவுப் பண்டம், 'மி' என்றால் கோதுமை. (இலங்கைத் தமிழர் சொல்லும் 'பாண்' போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் உறவில்லை.) பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தது 1859-ல். கோதுமை விளையாத ஊர், மாவு கப்பலில் வரவேண்டும். ஆகவே ரொட்டி துரைமார் வீட்டுச் சாப்பாடாகத்தான் இருந்தது. அப்போது அதற்குப் பெயரே 'பான் தய்', அதாவது மேற்கத்திப் பண்டம்.

மாவுத் தட்டுப்பாட்டில் அரிசி மாவைக் கலந்ததால்தான் அந்த ரொட்டி அவ்வளவு லேசாக இருக்கிறது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரொட்டியை உப்பவைப்பது கோதுமையில் இருக்கும் க்ளூட்டன். அரிசியில் அது கிடையாது. அரிசி மாவு கூடக்கூட ரொட்டி கனக்கும், லேசாகாது.

வீட்டில் முதல்முறை இதைச் செய்தபோது ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "ரொட்டிக்குள்ள இறாலாடா? இதெல்லாம் நம்ம சாப்பாடா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சைகோன் விஷயத்தில் 'நாம்' அவ்வளவு தள்ளி நின்றவர்கள் இல்லை. 1881-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. பாண்டிச்சேரி, காரைக்கால்காரர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுக்கொடுத்தால் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தவர்கள் பலர் சைகோனில் குமாஸ்தா, போலீஸ், வரி வசூல் என்று உத்தியோகம் பார்த்தார்கள். இன்னொரு பக்கம் நகரத்தார் வட்டிக்கடைகள். பிரெஞ்சு வங்கியிடம் பணம் வாங்கி, கூடுதல் வட்டிக்கு மேகோங் நெல் பூமியில் கடன் கொடுத்தார்கள். இன்றைய பாஷையில் என்.பி.எஃப்.சி. 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் அடமான நிலங்கள் கைமாறின. வசூல் என்றால் என்ன என்று தெரிந்த வங்கிக்காரன் என்பதால் இதைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். சைகோன் மாரியம்மன் கோயிலைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாம் இந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறோம். துரை ரொட்டி தின்ற மேஜையின் ஓரத்தில் நம்மவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது.

அங்கே விட்டு வந்த நல்ல விஷயமும் உண்டு. என் சின்ன வயதில் எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா ஒருவர் இருந்தார். கோழிக் குழம்பில் ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவார், "சைகோன் பழக்கம்" என்பார். இன்றும் அங்கே தேங்காய்ப்பால் விட்ட கோழிக் குழம்பைப் பான் மி ரொட்டியோடுதான் சாப்பிடுகிறார்கள். அந்தக் குழம்புக்குப் பெயர் 'கா ரி'. நம்ம கறிதான்!

சரி, 1954. நாடு பிளந்ததும் எட்டு, பத்து லட்சம் பேர் வடக்கிலிருந்து தெற்கே வந்தார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். அப்படி ஹனோய்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி 1958-ல் சைகோனில் ஒரு சின்னக் கடை போட்டார்கள். கடைக்கு வைத்த பெயர் 'ஹோவா மா'. விட்டு வந்த ஊரின் பெயர். (மும்பையில் நம்மவர்கள் மெஸ்ஸுக்கு ஊர்ப் பெயர் வைப்பதில்லையா, அதே கதை.) அதுவரை பிரெஞ்சு முறைப்படி தட்டில் ரொட்டி தனி, இறைச்சி தனி, வெண்ணெய் தனி. காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிறவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட ஏது நேரம்? ரொட்டியைக் குட்டையாக்கி, கீறி, எல்லாவற்றையும் உள்ளே திணித்துக் கையில் கொடுத்தார்கள். ரொட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்துக் கையில் கொடுத்த முதல் கடைகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். இன்றும் காலையில் கூட்டம் நிற்கிறது.

மாவு? 60-களில் அமெரிக்க உதவிக் கோதுமை தெற்கு வியட்நாமில் வந்து இறங்கியது. என் அப்பா சின்ன வயதில் ரேஷனில் வரிசை நின்று வாங்கிய அதே பி.எல்.480 கோதுமை. அவர்களுக்கு ரொட்டி, நமக்குச் சப்பாத்தி.

1975 ஏப்ரல் 30-ல் சைகோன் விழுந்ததும் மறுபடி ஓட்டம், இந்த முறை படகில். அமெரிக்காவில் கரையேறியவர்கள் 80-களில் லாரியில் வைத்து விற்றார்கள், பிறகு கடை போட்டார்கள். 2011 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 'பான் மி' ஏறியது. இரண்டு முறை இடம் பெயர்ந்தவர்கள் சுமந்து வந்த சாப்பாடு.

கடல் சமாச்சாரம் வைப்பது நம் கண்டுபிடிப்பல்ல. நா சாங், வுங் தாவ் மாதிரிக் கடலோர ஊர்களில் மீனை அரைத்துப் பொரித்து வைப்பார்கள். தக்காளி சாஸில் ஊறிய டப்பா மத்தி வைப்பதும் உண்டு.

நம் வீட்டுக்கு இறால். கேரட்டையும் முள்ளங்கியையும் தீக்குச்சி மாதிரி நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறிப் பிழிந்து, வினிகர், சர்க்கரை, கொஞ்சம் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். கால் கிலோ இறாலைப் பூண்டு, மிளகு, ஒரு ஸ்பூன் மீன் சாஸ் சேர்த்துப் பிரட்டி, சூடான தவாவில் மூன்று நிமிஷம், அவ்வளவுதான், கூடினால் ரப்பர். மும்பையில் இருப்பவர்களுக்கு இரானி பேக்கரி கடக் பாவ் கச்சிதம். மற்ற ஊர்க்காரர்கள் மேல்தோல் மொறுமொறுப்பான எந்த ரொட்டியையும் சூடாக்கிக் கீறிக்கொள்ளலாம். உள்ளே மயோனைஸ் தடவி, இறால், வெள்ளரி, கொத்தமல்லி, பச்சை மிளகாய். காரம் உங்கள் இஷ்டம்.

பி.கு: ஊறிய காயைக் கையால் நன்றாக ஒட்டப் பிழிந்த பிறகே வையுங்கள், இல்லாவிட்டால் ரொட்டி பத்தே நிமிஷத்தில் நமுத்துவிடும். லோக்கல் டிரெயினுக்குக் கட்டிக்கொண்டு போவதானால் காயைத் தனி டப்பாவில்.