தரங்கம்பாடி இயற்கை ஆர்வலர்களின் பதிவுகளில் தமிழ்ப் பெயர்கள் (1768–1836)

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடியில் வாழ்ந்த மருத்துவர்களும் சமயப் பணியாளர்களும் சோழமண்டலக் கடற்கரையின் செடிகளையும் பூச்சிகளையும் மீன்களையும் சேகரித்துப் பதிவுசெய்தனர். அவர்களுக்குக் கிடைத்த உயிரினங்கள் பலவற்றுக்கு மக்களிடையே ஏற்கெனவே தமிழ்ப் பெயர்கள் வழங்கின. அப்பெயர்கள் ஐரோப்பிய அறிவியல் நூல்களுக்குச் சென்றபோது என்ன ஆயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சில பெயர்கள் மறைந்தன. சில இலத்தீன் வடிவம் பெற்றன. சில தமிழாகவே பதிவாயின. பெயரைச் சொன்ன மனிதர் இம்மூன்று வகையிலும் இடம்பெறவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: தரங்கம்பாடி, கோனிக், ஜான், இராட்லர், இயற்கைப் பதிவு, வட்டாரப் பெயர்.

முன்னுரை

1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. 1706இல் சீகன்பால்கு அங்கு வந்திறங்கியதை அச்சு வரலாறும் சமய வரலாறும் விரிவாகப் பேசியுள்ளன. அதே மிஷனைச் சார்ந்தவர்கள் ஓய்வு நேரங்களில் மேற்கொண்ட இயற்கை ஆய்வு தமிழ் ஆய்வுலகில் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அது தாவரவியலாருக்கும் விலங்கியலாருக்கும் உரியது எனக் கருதப்பட்டதே இதற்குக் காரணம் எனலாம். எனினும் அப்பதிவுகள் தமிழ்ச் சொல் வரலாற்றுக்கும் சான்றாதாரங்களாகும்.

தொழிலும் ஆர்வமும்

1728இல் பிறந்த ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயசின் மாணவர். 1768இல் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். 1774இல் ஆர்க்காட்டு நவாபின் பணியிலும், 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியிலும் இயற்கை ஆய்வாளராக அமர்ந்தார். ஆர்வத்தால் தொடங்கிய செயல் அவருக்குப் பிழைப்பாகவும் ஆயிற்று. 1771இல் வந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜானும், 1776இல் வந்த ஜோஹான் பீட்டர் இராட்லரும் இறுதிவரை சமயப் பணியிலேயே இருந்தனர். செடி சேகரித்தலும் மீன் பதப்படுத்தலும் அவர்களுக்கு ஊதியம் தராத வேலைகள்.

கோனிக்கின் தூண்டுதலால் இவர்களைப் போன்றோர் ‘ஐக்கிய சகோதரர்கள்’ என்னும் பெயரில் இயங்கினர். சேகரித்த தாவரங்களைத் தமக்குள் சுற்றுக்கு விட்டு, அவற்றுக்குரிய பெயரைக் கலந்து முடிவுசெய்வது இவர்களின் வழக்கம். அவ்வாறு முடிவுசெய்த மாதிரிகள் ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பப்பட்டன.

மறைந்த பெயர்கள்

முதல் வகைக்குக் கறிவேப்பிலை தக்க சான்று. 1771இல் லின்னேயஸ் அதற்குப் ‘பெர்கெரா கோனிகி’ எனப் பெயரிட்டார். பின்னர் அது ‘முர்ராயா’ என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டபோதும் கோனிக்கின் பெயர் நீங்கவில்லை. முர்ராயா என்பதும் லின்னேயசின் இன்னொரு மாணவரை நினைவுகூரும் பெயரே. தமிழர் சமையலில் நாள்தோறும் சேரும் இலையின் அறிவியல் பெயரில் தமிழ்ச் சொல்லின் சாயல் சிறிதும் இல்லை.

இந்த இழப்பின் தன்மையைக் கோனிக்கின் இன்னொரு பதிவு தெளிவாகக் காட்டுகிறது. கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் வெளியாயிற்று. ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி ஸ்மீத்மன் எழுதி 1781இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரைக்கு அது முந்தியது. ஸ்மீத்மனும் அதனை எடுத்தாண்டுள்ளார். புற்றிலிருந்து ஈசல் பிடிக்கும் முறையைக் கோனிக் அதில் விவரிக்கிறார். புற்றின் இரு பக்கங்களில் துளையிடுவர். காற்று வீசும் பக்கத் துளையில் தீய நாற்றமுள்ள பொருள்களைக் கொளுத்திப் புகையூட்டுவர். எதிர்ப்பக்கத் துளையில், உட்புறம் நறுமண இலை தேய்த்த பானையை வைப்பர். புகைக்கு அஞ்சி வெளியேறும் ஈசல்கள் பானையில் வந்து விழும். சில வேளைகளில் நல்ல பாம்பும் வந்து விழுவதுண்டு. பிடித்த ஈசலை மாவுடன் சேர்த்துப் பண்டம் செய்வர்.

அந்த நறுமண இலையை இக்குறிப்பு ‘பெர்கெரா’ என்றே சுட்டுகிறது. அது கறிவேப்பிலையே. புற்றை அறிந்த மக்களின் நுட்பம் இக்குறிப்பில் முழுமையாகப் பதிவாகியுள்ளது. ஆயின் அம்மக்கள் தம் இலையை எவ்வாறு அழைத்தனர் என்பதை இக்குறிப்பைக் கொண்டு அறிய இயலாது. செயல் எஞ்சிற்று, சொல் எஞ்சவில்லை. மண்ணுளிப் பாம்பும் இவ்வகையினதே. 1801இல் ரஸ்ஸல் அதற்கு இட்ட பெயர் ஜானை நினைவுகூர்கிறது.

இலத்தீன் வடிவம் பெற்ற பெயர்கள்

ஜான் தரங்கம்பாடியிலிருந்து அனுப்பிய மீன்களைப் பெர்லின் மருத்துவர் மார்கஸ் எலியேசர் பிளோக் ஆராய்ந்து வெளியிட்டார். கத்தாழை மீன்களின் பேரினத்துக்கு 1793இல் அவர் இட்ட ‘ஜானியஸ்’ என்னும் பெயர் ஜானுக்குச் செய்த சிறப்பு. அப்பேரினத்தைச் சேர்ந்த ஓர் இனத்துக்கு அதே ஆண்டில் அவர் ‘கருட்டா’ எனப் பெயரிட்டார். ‘கருத்த கத்தாழை’ என்னும் தமிழ் வழக்கின் முதற்சொல்லே அது. ‘ஜானியஸ் கருட்டா’ இன்றும் ஏற்புடைய அறிவியல் பெயராக நிலவுகிறது. ஒரே பெயரின் முற்பகுதி சேகரித்தவரைக் குறிக்க, பிற்பகுதி தமிழ் வழக்கைக் குறிக்கிறது.

இந்த வாய்ப்பு எல்லாச் சொற்களுக்கும் கிட்டவில்லை. வராலுக்கும் குரவைக்கும் பிளோக் 1793இல் இலத்தீன் பெயர்களை அமைத்தார். முன்னது கோடுகளையும் பின்னது புள்ளிகளையும் குறிப்பவை. 1801இல் பிரெஞ்சு அறிஞர் லசெபேத், ‘வ்ராஹ்ல்’, ‘கர்ருவே’ என்னும் பெயர்களை இம்மீன்களுக்கு அளித்தார். வரால், குரவை என்பவற்றின் திரிந்த வடிவங்களை இவற்றில் எளிதில் இனங்காணலாம். முந்தி வெளியான பெயருக்கே உரிமை என்பது விலங்கியல் பெயரிடலின் விதியாதலால், இவ்விரண்டும் இணைப்பெயர்ப் பட்டியலில் ஒதுங்கின. ஆகவே ஒரு தமிழ்ச் சொல் நிலைத்ததும் மற்றவை ஒதுங்கியதும் சொல்லின் தகுதியால் நேர்ந்தவை அல்ல. வெளியீட்டு ஆண்டின் முன்பின்னால் நேர்ந்தவை. வழக்கொழிந்த இணைப்பெயர்களையும் தமிழ்ச் சொல்லாய்வு கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு இவை சான்று.

தமிழாகவே பதிவான பெயர்கள்

மூன்றாம் வகை இராட்லரின் பணியோடு தொடர்புடையது. பிற்காலத்தில் சென்னை வேப்பேரியில் தங்கிய அவர், செடியோடு சொல்லையும் சேகரித்தார். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதியின் முதற்பகுதி 1834இல் வெளியாயிற்று. 1836இல் அவர் மறைந்தபின், டெய்லர், வேங்கடாசல முதலியார் ஆகியோரின் உழைப்பால் 1841இல் அது நிறைவெய்தியது. மருத்துவர் அயின்சிலி 1826இல் வெளியிட்ட ‘மெட்டீரியா இண்டிகா’ மருந்துப்பொருள்களின் தமிழ்ப் பெயர்களைப் பிற மொழிப் பெயர்களோடு தருகிறது. இராட்லர் வழங்கிய தகவல்களையும் சுட்டுகிறது. இங்குத் தமிழ்ப் பெயர் அறிவியல் பெயராக மாற வேண்டியிருக்கவில்லை. அதனருகில் தன் வடிவிலேயே நின்றது.

இராட்லரின் பதிவுமுறையும் கருதத்தக்கது. 1799–1800இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்பிய பயணத்தில், எந்த ஊரில் எச்செடியைக் கண்டார் என அவர் குறித்துவந்தார். தாவரவியலறிஞர் வில்டெனோவின் குறிப்புகளுடன் 1803இல் அது பெர்லினில் அச்சாயிற்று. திருச்சிராப்பள்ளி ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய கே.எம். மேத்யூ 1993இல் அப்பயணக் குறிப்பை மொழிபெயர்த்து, அதிலுள்ள ஊர்களையும் செடிகளையும் அடையாளப்படுத்தினார். இடமும் காலமும் குறித்த பதிவு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மறு ஆய்வுக்கு இடமளித்தது.

பதிவாகாத மனிதர்

மேற்காட்டிய மூவகைப் பெயர்களிலும் பொதுவான ஓர் இன்மை உண்டு. ‘கருட்டா’வில் மீனவரின் சொல் உள்ளது, அச்சொல்லை உரைத்த மீனவர் இல்லை. ஈசல் பிடித்தவரின் முறை உள்ளது, பிடித்தவர் இல்லை. இதனைக் காலத்தின் பொது இயல்பு எனக் கொள்ள முடியாது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ நூலில், செடிகளின் மலையாளப் பெயர்களோடு, தகவல் தந்த இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரின் பெயரும் சான்றுரையும் இடம்பெற்றுள்ளன. தகவலாளியைப் பெயர் சுட்டும் முன்மாதிரி அப்போதே இருந்தது. பெயரிடும் முறை அதனைப் பின்பற்றவில்லை.

முடிவுரை

தரங்கம்பாடியினரின் பணியைத் தமிழ் அறிவின் அபகரிப்பு என்று மட்டும் கூறுவது பொருந்தாது; அவர்கள் எழுதியிராவிடில் ஈசல் பிடித்த முறையின் இக்காலச் சான்று நமக்குக் கிட்டியிராது. அதனைத் தனிமனிதரின் கண்டுபிடிப்பு என்று மட்டும் போற்றுவதும் பொருந்தாது. நாள், இடம், அறிவியல் பெயர் ஆகிய மூன்றும் ஓர் இயற்கைப் பதிவை அறிவியலுக்குப் பயன்படச் செய்கின்றன. வட்டாரப் பெயரும் அதைச் சொன்னவரின் பெயரும் சேரும்போதுதான் அப்பதிவு சமூக வரலாற்றுக்கும் சான்றாகிறது. இன்று பறவைகளையும் பூச்சிகளையும் பதிவுசெய்யும் ஆர்வலர்கள், சொன்னவரின் இசைவுடன் இவ்விரண்டையும் சேர்த்தெழுதினால், இருநூறு ஆண்டுக்கால விடுபாடு தொடராமல் தடுக்க இயலும்.