இரண்டு ரேச்சல்கள்

பார்படோஸுக்கு விடுமுறையில் போகிறவர்கள் முதல் நாள் மாலையே விசாரிப்பது, இரவில் எங்கே போகலாம் என்பதைத்தான். வெள்ளிக்கிழமை என்றால் ஆய்ஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் போகச் சொல்வார்கள். பொரித்த மீனும் பாட்டும் ஆட்டமும் அங்கே உண்டு. மதுக்கூடங்கள் வேண்டுமென்றால் செயின்ட் லாரன்ஸ் கேப். உள்ளூர்க்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டுமென்றால், தெருவுக்குத் தெரு இருக்கும் சிறு ரம் கடைகள். மவுன்ட் கே ரம் புட்டியில் 1703 என்ற ஆண்டு பெருமையாக அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் காலத்தில் கரும்பை வெட்டியவர்களும் சாற்றைக் காய்ச்சியவர்களும் அடிமைகள் என்பதைப் புட்டி சொல்லாது.

1780களிலும் அந்தத் தீவில் வந்து இறங்கியவர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். கார்லைல் விரிகுடாவில் நங்கூரமிட்ட பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அதிகாரிகள் அவர்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் ஒரு பெண்ணின் பெயர்: ரேச்சல் பிரிங்கிள் போல்கிரீன். பிரிட்ஜ்டவுனில் விடுதி நடத்திய முதல் கலப்பினப் பெண்களில் ஒருவர் என்று அறியப்படுபவர்.

1753 வாக்கில் பிறந்தவர். தாய் ஆப்பிரிக்க அடிமைப் பெண். தந்தை வில்லியம் லாடர் என்ற ஸ்காட்லாந்துப் பள்ளி ஆசிரியர். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பதே அன்றைய நடைமுறை. தந்தையே மகளிடம் தகாத முறையில் நடக்க முயன்றார் என்றும், தாமஸ் பிரிங்கிள் என்ற கடற்படை அதிகாரி பணம் கொடுத்து அவரை மீட்டுத் தன்னோடு வைத்துக்கொண்டார் என்றும் கதை உண்டு. அந்த உறவு முடிந்த பின் ரேச்சல் தொழிலில் இறங்கினார். தோட்டமோ பதவியோ கிடைக்காத கலப்பினப் பெண்களுக்குத் திறந்திருந்த ஒரு சில வழிகளில் விடுதித் தொழிலும் ஒன்று. நான்சி கிளார்க், பெட்சி ஆஸ்டின் என்று அவருக்குப் பின்னும் அந்த வரிசை நீண்டது.

ரேச்சலைப் பற்றி இன்றும் எல்லோரும் சொல்லும் சம்பவம் ஒன்று இருக்கிறது. 1780களில் இளவரசர் வில்லியம் ஹென்றி கடற்படை அதிகாரியாகத் தீவுக்கு வந்தார். ஓர் இரவு நண்பர்களோடு குடித்துவிட்டு விடுதியின் நாற்காலிகளையும் கண்ணாடிகளையும் அடித்து நொறுக்கினார். ரேச்சல் வாசலில் தன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது இளவரசர் அந்த நாற்காலியையும் கவிழ்த்துவிட்டுப் போனார். அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. மறுநாள் உடைந்தவற்றைக் கணக்கிட்டு எழுநூறு பவுண்டுக்கு ரசீது அனுப்பினார். பணம் வந்தது. விடுதிக்கு ‘ராயல் நேவல் ஹோட்டல்’ என்று பெயரும் வந்தது.

கேட்டவுடன் மனம் குளிர்கிறது. ஆனால் இந்தக் கதையும், தந்தையைப் பற்றிய கதையும், 1842இல் வெளியான ஆர்டர்சனின் ‘கிரியோலியானா’ என்ற நாவலின் வழியாக வருபவை. ரேச்சல் இறந்தது 1791இல். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு வெள்ளை ஆண் எழுதிய நாவலை நாம் அவரது வாழ்க்கை வரலாறாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

கதை உண்மையென்றே வைத்துக்கொள்வோம். ஏன் ரசீது? அந்தத் தீவின் சட்டப்படி, ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்தவர் சுதந்திரமானவராகவே இருந்தாலும், வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. அந்தத் தடை நீங்கியது 1817இல். சாட்சிக் கூண்டு ஏற முடியாத பெண்ணுக்கு மிஞ்சியது கணக்கு நோட்டு. அவரது அமைதியைக் குணம் என்று மட்டும் பாராட்டினால் இந்தச் சட்டத்தை மறந்துவிடுவோம்.

அவரைப் பற்றி இன்னொரு சான்றும் இருக்கிறது. 1796இல் லண்டனில் அச்சான, தாமஸ் ரோலண்ட்சனின் ஓவியம். ரேச்சல் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து வந்தது. பருத்த உடலோடு, நகைகளோடு, விடுதி வாசலில் கால் அகட்டி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஓர் இளம்பெண்ணும் இரண்டு வெள்ளை ஆண்களும். அந்த இளம்பெண் ரேச்சலின் இளமைத் தோற்றமே என்றும், ஆண்கள் தந்தையும் பிரிங்கிளும் என்றும் வாசிப்பது வழக்கம். இங்கிலாந்தில் சிரித்துப் பார்ப்பதற்காக விற்ற கேலிப்படம் அது. அவரது முகமென்று நம்மிடம் இருப்பதும் அதுதான்.

அப்படியானால் ரேச்சல் சொன்னதாக, அவர் விருப்பத்தைக் காட்டுவதாக, ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? இருக்கிறது. அவரது உயில்.

இறக்கும்போது அவருக்கு வீடுகள் இருந்தன. சொத்தின் மதிப்பு மூவாயிரம் பவுண்டை நெருங்கியது. அந்தச் சொத்தில் மனிதர்களும் அடக்கம். உயிலில் ஜோஅன்னா என்ற பெண்ணுக்கு விடுதலை தருகிறார். அதே உயிலில் ஆம்பர் என்ற அடிமைப் பெண்ணை ஜோஅன்னாவுக்கு உடைமையாகக் கொடுக்கிறார். ஜோஅன்னாவின் சொந்த மகன் ரிச்சர்டும் தாய்க்குச் சொத்தாகவே வந்து சேர்கிறான். பிரின்சஸ் என்ற பெண்ணும் நான்கு குழந்தைகளும் விடுதலை பெறுகிறார்கள். மற்றவர்கள் பெயர் பெயராகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறார்கள். பெற்றுக்கொண்டவர்களில் கேப்டன் தாமஸ் பிரிங்கிளும் ஒருவர்.

கடற்படை அதிகாரிகள் தேடி வந்த விடுதிகளில் மதுவும் படுக்கையும் மட்டும் விற்கவில்லை. அடிமைப் பெண்களின் உடல்களும் வாடகைக்கு விடப்பட்டன. அந்த வருமானம் உடைமையாளருக்குப் போனது. மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் சம்மதம் பற்றிப் பேசவே முடியாது. மரிசா ஃபுவென்டெஸ் 2016இல் வெளியிட்ட நூலில் எழுப்பும் கேள்வி இங்கேதான் வருகிறது. ரேச்சலை வென்ற பெண்ணாகவே கொண்டாடும்போது, அந்த வெற்றிக்கு உழைத்த பெண்கள் இரண்டாம் முறை காணாமல் போகிறார்கள்.

பெண்ணிய வரலாறு எழுதும் நமக்கு முன்னோடிகள் மீது ஆசை அதிகம். முதல் பெண் முதலாளி, முதல் பெண் விடுதி உரிமையாளர் என்று பட்டியல் போடுகிறோம். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் முதலாளியின் கணக்கில் யார் யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரேச்சலை வில்லியாக்கவும் நான் விரும்பவில்லை. அடிமையாகப் பிறந்த ஒருவர் மேலேறுவதற்கு அந்தச் சமூகம் வைத்திருந்த ஏணி, இன்னொருவரை உடைமையாக்குவது. அதைச் செய்து வைத்தவர்கள் தோட்ட முதலாளிகளும் அரசும். நாற்காலியைக் கவிழ்த்த இளவரசர் 1799இல் பிரபுக்கள் சபையில் அடிமை வணிகத்தை ஆதரித்துப் பேசினார். பின்னாளில் நான்காம் வில்லியம் மன்னராகி, 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்ததும் அவரே. அவரது பெயர் எங்கும் தொலைந்து போகவில்லை.

உயிலில் பிரித்துக் கொடுக்கப்பட்டவர்களின் பெயர்கள்: வில்லியம், டிக்கி, தெரசா, பெட்சி, சீசர், நானி, சிறுவன் பீட்டர், இன்னும் சிலர். அந்த வரிசையில் ஒரு பெயர் ரேச்சல். அதே பெயர் கொண்ட இன்னொரு பெண். எஜமானியின் பெயரை யார் வைத்தார்கள், அந்த வீட்டில் என்ன வேலை செய்தார், யாரிடம் போய்ச் சேர்ந்த பின் என்ன ஆனார் என்பதைச் சொல்ல ஓவியமும் இல்லை, நாவலும் இல்லை. பிரிட்ஜ்டவுனின் இரவு வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது, இந்த இரண்டாவது ரேச்சலிடமிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது.